நாமும் சேர்ந்துதான் தொலைத்தோம்

செய்யாற்றிலோ ஆரணியிலோ டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பழைய சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நேரம் போவதே தெரியாது. எந்தப் படம் எந்தக் கொட்டகையில் எத்தனை நாள் ஓடியது, எந்தப் பாட்டு எந்த ராகம், யார் நடையில் யார் சாயல் என்று எல்லாம் வந்து விழும். அந்தப் பேச்சில் டி. பி. ராஜலட்சுமி என்ற பெயர் வந்து நாம் கேட்டதில்லை. வருவது ஒரே இடத்தில்தான்: டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி வகுப்பில். ‘தமிழின் முதல் பேசும்பட நாயகி யார்?’ விடையைக் குறித்து மதிப்பெண் வாங்கியதோடு நம் கடன் தீர்ந்தது.

அவரை மறந்ததற்கு அரசைத் திட்டலாம், சினிமாக் கம்பெனிகளைத் திட்டலாம். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவர்கள் நாம். கைதட்டியவர்களும் நாம், மறந்தவர்களும் நாம். அந்தப் பங்கை இங்கே எழுதி வைப்போம்.

திருவையாற்றில் 1911-ல் பிறந்தவர் ராஜலட்சுமி. தகப்பனார் பஞ்சாபகேச சாஸ்திரி கிராமக் கணக்கு பார்த்தவர். விவரம் தெரியாத வயதிலேயே பெண்ணுக்குக் கல்யாணம் முடித்தார்கள். குழந்தை மணத்தைத் தடுக்கும் சட்டம் வந்ததே 1929-ல்தான்; இவர் கல்யாணம் அதற்கு வெகு முந்தியது. அது நிலைக்கவில்லை, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தார். தகப்பனாரும் போன பிறகு தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்குப் போனார்கள். அங்கே நாடகக் குழுவில் சேர்ந்தார். பெண் வேஷத்தையும் ஆண் பிள்ளைகளே கட்டிய காலம் அது. பிராமண வீட்டுப் பெண் மேடையேறினால் ஜாதிக்கட்டு என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் ஏறினார். வேஷத்தோடு தேசியப் பாட்டும் பாடினார்.

1929-ல் ஏ. நாராயணன் எடுத்த ‘கோவலன்’ என்ற மௌனப் படத்தில் நடித்தார். 1931 மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’ வந்து இந்திப் படம் பேசத் தொடங்கியது. அதை எடுத்த அர்தேஷிர் இரானியே அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ படத்தைச் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியிட்டார். ஹெச். எம். ரெட்டி இயக்கம். நாயகி ராஜலட்சுமி தமிழில் கேட்பார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். கதைக்குச் சம்பந்தமில்லாத தியாகராஜர் கீர்த்தனையும் உண்டு, தனியாக ஒரு குறத்தி நடனமும் உண்டு. படப்பெட்டி சென்னைக்கு வந்தபோது ஜனங்கள் பூத்தூவி, ஊதுவத்தி கொளுத்தி, தேர் இழுக்கிற மாதிரி ஊர்வலமாகக் கொட்டகைக்குக் கொண்டு போனார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தில் ராஜலட்சுமி பாடிய பாட்டு ஒன்று மதுரை பாஸ்கரதாஸ் எழுதியது. காந்தியின் கைராட்டினத்தைப் புகழ்கிற பாட்டு. காளிதாசன் கதையில் காந்தி எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை, கொட்டகை கைதட்டியது. நூல் நூற்பதைப் பற்றிய பாட்டோடு தமிழ்ப் படம் வாய் திறந்தது என்ற சேதி, தறி ஓசை கேட்டு வளர்ந்த இந்த வட்டாரத்துக்கே வந்து சேரவில்லை. நம் பள்ளிகளில் அதைச் சொன்னவர் இல்லை. நெசவாளர் கூட்டங்களில் எத்தனையோ பேர் ராட்டினத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், அந்தப் பாட்டை ஒருவரும் எடுக்கவில்லை.

1933-ல் ‘வள்ளி திருமணம்’ நன்றாக ஓடியது. ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. மற்ற நாயகிகள் அங்கேயே நின்றிருப்பார்கள். இவர் கம்பெனி தொடங்கினார். தாம் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை 1936-ல் ‘மிஸ் கமலா’ என்ற படமாக எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண். இந்தியா முழுக்கப் பார்த்தாலும் அவருக்கு முன்னால் 1926-ல் படம் இயக்கிய ஃபாத்மா பேகத்தின் பெயர்தான் முதலில் வருகிறது. 1939-ல் ‘மதுரை வீரன்’ எடுத்தார். ‘மதுரை வீரன்’ என்றதும் நமக்கு 1956-ன் எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருகிறார். அதற்குப் பதினேழு வருஷம் முன்னால் அதே கதையை ஒரு பெண் இயக்கினார் என்றால் நம்மில் பலர் இல்லையென்று பந்தயம் கட்டுவார்கள்.

நம் முதல் குறை இதுதான். அவரை நாயகியாக மட்டும் ஞாபகம் வைத்தோம். முகம் நின்றது, வேலை மறைந்தது. இந்தக் குணம் நமக்குக் கொட்டகையில் வந்ததா? வீட்டிலிருந்தே வந்தது. பட்டுத் தறி போட்ட எந்த வீட்டிலும் போய்ப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து நூல் இழைப்பதும், ராட்டினத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவதும், பாவு பிணைக்கும்போது ஒவ்வோர் இழையாக எடுத்துக் கொடுப்பதும், அறுந்த இழையைத் தேடிக் கோப்பதும் பெரும்பாலும் பெண்கள். தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும். ஆனாலும் ‘யார் நெய்த சேலை?’ என்று கேட்டால் தறிக்குழியில் உட்கார்ந்தவர் பெயரைத்தான் சொல்வோம். சொசைட்டிப் புத்தகத்தில் இருப்பதும் அநேகமாக அந்தப் பெயர்தான். மற்றவள் ‘வீட்டு வேலை பார்க்கிறாள்’. பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவளைக் கணக்கில் சேர்க்காத நாம், திருவையாற்றிலிருந்து போய்ச் சென்னையில் படம் இயக்கியவளைச் சேர்ப்போம் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இது ராஜலட்சுமி ஒருவரோடு முடிந்ததும் இல்லை. சாவித்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய குடி, கடன், நினைவில்லாமல் கிடந்த கடைசி நாள்கள், 1981-ல் வந்த சாவு எல்லாம் நமக்கு மனப்பாடம். கேட்டால் கண்ணீரோடு சொல்வோம். 1968-ல் தெலுங்கில் ‘சின்னாரி பாபலு’ இயக்கினார், அதைத் தமிழில் ‘குழந்தை உள்ளம்’ ஆக்கினார், 1971-ல் சிவாஜியை வைத்து ‘பிராப்தம்’ இயக்கினார் என்று சொல்லச் சொன்னால் திணறுவோம். ‘பிராப்தம்’ தோற்ற கதையைச் சொல்வோம், அதுவும் அவர் அழிந்த கதையின் ஒரு படியாக. நடிகையின் துயரம் நமக்கு ருசிக்கிறது. அவள் உழைப்பு சலிப்புத் தருகிறது. கண்ணீர் விட்டதையே மரியாதை என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டாவது குறை, பொருளைக் காப்பாற்றாதது. ‘காளிதாஸ்’ பிரதி இன்று கிடைக்கவில்லை. ‘மிஸ் கமலா’வும் அப்படியே. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் எஞ்சியவை ஒரு கைப்பிடி. அன்றைய ஃபிலிம் நைட்ரேட்டில் செய்தது. சூட்டில் கெட்டு, பிசுபிசுத்து, பொடியாகும். சில நேரம் தானே தீப்பிடிக்கும். ஆனால் தானாகக் கெட்டது பாதிதான். மீதியை மனிதர்கள் விற்றார்கள். ஃபிலிமின் மேல் பூசிய பசையில் வெள்ளி உண்டு. கருப்பு வெள்ளைப் படத்தில் கருப்பாகத் தெரிவதே அந்த வெள்ளிதான். ஓட்டம் முடிந்த பிரதியைக் கழுவி வெள்ளியை எடுத்துக்கொண்டு, மிச்ச ஷீட்டை வேறு சாமான் செய்ய விற்றார்கள். ‘ஆலம் ஆரா’வின் ரீல்களில் சில அப்படி வெள்ளி எடுக்கப் போனவை என்று இரானி குடும்பத்திலேயே சொன்னதாக, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர் சொல்லியிருக்கிறார். அதே ஸ்டுடியோவில்தான் நம் ‘காளிதாஸ்’ பிறந்தது.

இதை வேறு ஊர்க்காரருக்கு விளக்க வேண்டும், நமக்கு வேண்டாம். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தால் பெட்டியைத் திறந்து பாட்டியின் கூறைப்புடவையை எடுத்துக் கொடுத்தவர்கள் நாம். அவர் ஜரிகைக் கரையை உரசிப் பார்த்து, எடை போட்டு, காசு கொடுத்துவிட்டுப் போவார். பட்டு எரிந்து போகும், வெள்ளி உருகி வரும். அந்தக் கரையில் என்ன கோர்வை இருந்தது, எந்தக் கை போட்ட புட்டா அது என்பதெல்லாம் அடுப்போடு போயிற்று. நம் பட்டறைகளில் பழைய டிசைனைப் பார்க்க வேண்டுமென்றால் இன்று அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறோம். ஃபிலிம் வியாபாரி செய்ததும் அதைத்தான். அவரைக் குற்றம் சொல்லும் வாய் நமக்கு இல்லை.

‘அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்?’ என்று ஒரு சமாதானம் சொல்வது வழக்கம். தெரிந்தவர்கள் இருந்தார்கள். ‘மிஸ் கமலா’ வருவதற்கு ஒரு வருஷம் முன்பு, 1935-லேயே, லண்டனில் படங்களைச் சேர்த்து வைக்கத் தேசிய நூலகம் தொடங்கிவிட்டார்கள். அவர்களும் நிறையத் தொலைத்தவர்கள்தான். ஆனால் 2010-ல் தொலைந்து போன 75 பிரிட்டிஷ் படங்களைப் பட்டியல் போட்டு, ‘உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறதா பாருங்கள்’ என்று நாட்டு ஜனங்களிடமே கேட்டார்கள். சில படங்கள் கிடைக்கவும் செய்தன. நம் நாட்டில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல் வந்தது. ராஜலட்சுமி காலமானதும் அதே 1964-ல். காப்பகம் கதவைத் திறந்தபோது அவருடைய படங்களில் பல ஏற்கெனவே போய்விட்டன.

‘சினிமாவைக் காப்பாற்றினால் சோறு போடுமா?’ என்பது அடுத்த சமாதானம். நெசவும் விவசாயமும் நொடித்துப்போய், பிள்ளைகள் சிப்காட் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிற ஊரில் அந்தக் கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அதே கையிறுக்கத்தில்தான் நடிகர்களுக்குக் கட்அவுட் வைத்தோம், பால் ஊற்றினோம், மன்றம் நடத்தினோம். காசும் நேரமும் இருந்தன. எதற்குச் செலவழிப்பது என்பதில்தான் கோட்டை விட்டோம். மன்றம் வைத்ததும் நாயகர்களுக்குத்தான். படம் இயக்கிய பெண்ணுக்கு நம் வட்டாரத்தில் ஒரு கூட்டம் கூடப் போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவது குறை இன்னும் சின்னது, அதனாலேயே வெட்கம் கூடுதல். ஃபிலிமைக் காப்பாற்ற குளிர்சாதன அறை வேண்டும், நம்மால் ஆகாது. பாட்டுப் புத்தகத்தைக் காப்பாற்ற ஒரு டிரங்குப் பெட்டி போதும். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற அந்தப் புத்தகத்தின் அட்டையில் நாயகி படம் இருக்கும். உள்ளே நடிகர் பட்டியல், எல்லாப் பாட்டும், பாதிக் கதை. கதை சூடு பிடிக்கிற இடத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நிறுத்தியிருப்பார்கள். மீதியைக் காண வழியில்லாமல் போன படங்களுக்கு இன்று அந்தக் காகிதம்தான் சாட்சி. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் காகிதம் எதையும் கழிக்காமல் சேர்த்தார். அவர் சேர்த்ததுதான் சென்னையில் இன்று ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் கைப்பட எழுதி வைத்த படப் பட்டியல் இல்லையென்றால் தமிழ் சினிமாவுக்கு வருஷக் கணக்கே இருந்திருக்காது. தியடோர் பாஸ்கரன் தேடி எழுதியிருக்காவிட்டால் அந்தக் காலப் படங்களின் அரசியல் நமக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொருவரும் தனி ஆள். நாம் ஊரே இருந்தும் போகிப் பண்டிகைக்குப் பழைய காகிதத்தை எரித்தோம். டேராக் கொட்டகை போய், பக்காக் கொட்டகையும் போய், அது கல்யாண மண்டபமோ கிடங்கோ ஆனபோது, உள்ளே கிடந்த போஸ்டரும் பாட்டுப் புத்தகமும் கணக்கு நோட்டும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

ஆக, குறையைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் இதுவும் இன்னொரு கண்ணீர் ஆகிவிடும். செய்யக் கூடியது கொஞ்சம் இருக்கிறது. செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணில் கிடக்கும் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், கொட்டகைப் படம் எதையும் எடைக்குப் போடுவதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்து வைக்கலாம். தேறுவதை ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்கலாம். கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர்களும் டிக்கெட் கிழித்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதலாம். நம் கல்லூரிப் பிள்ளைகள் அதைச் செய்ய முடியும். பள்ளி ஆண்டு விழாவில் ராஜலட்சுமியைப் பற்றிப் பேசச் சொன்னால் ‘முதல் நாயகி’ என்று நிறுத்தாமல் ‘நாவல் எழுதியவர், கம்பெனி நடத்தியவர், படம் இயக்கியவர்’ என்று சேர்த்துச் சொல்லித் தரலாம்.

அதோடு, அடுத்த முறை வியாபாரி வந்து ‘இது யார் நெய்தது?’ என்று கேட்கும்போது தார் சுற்றியவள் பெயரையும் சேர்த்துச் சொல்லிப் பழகுவோம். அந்தப் பழக்கம் வீட்டில் வராதவரை எந்த நடிகைக்கு எத்தனை நூற்றாண்டு விழா எடுத்தாலும் மாலை போடுகிற முகம் மட்டும்தான் நமக்கு மிஞ்சும்.