ஆடிக் காற்றை மூட்டை கட்டலாம், சுரண்டுவது யார்?

காது கேட்கும் கருவிக்குப் போடும் பொத்தான் பேட்டரியின் முதுகில் ஒரு வண்ணத் தாள் ஒட்டியிருக்கும். அதை உரித்தால் ஊசித்துளை வழியே காற்று நுழையும். உள்ளே இருக்கும் துத்தநாகப் பொடி ஆக்சிஜனோடு சேர்ந்து மின்சாரம் தரும். பொடி வெள்ளை ஆக்சைடாகிவிட்டால் பேட்டரி குப்பைக்குப் போகும்.

பெரிய பேட்டரியை அப்படி எறிய முடியாது. உள்ளேயே சார்ஜ் ஏற்றலாம் என்றால், துத்தநாகம் பழைய இடத்தில் சீராகப் படியாமல் முள் முள்ளாக வளர்ந்து இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தடுப்பைத் துளைத்துவிடுகிறது. 1990-களில் இஸ்ரேலின் எலெக்ட்ரிக் ஃப்யூவல் நிறுவனம் ஜெர்மன் அஞ்சல் வேன்களில் வேறு வழி பார்த்தது. தீர்ந்த தகடுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டி வண்டியை அனுப்பிவிடுவார்கள். பழைய தகட்டிலிருந்து செலவான பொருளைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித் துத்தநாகத்தை மீட்டு, மறுபடி அழுத்தித் தகடாக்குவார்கள். ஆனால் அது சோதனையோடு நின்றது. தெருவுக்குத் தெரு தகடு மாற்றும் கடைக்கு எங்கே போவது?

ஆகவே தூத்துக்குடி அருகே சிலாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை வந்ததால் இதை எழுதவில்லை. காருக்கு லித்தியமே இருக்கட்டும். என் கண் கயத்தாறு காற்றாலைகள் மேல். ஆடியில் அவை சுழன்று தள்ளும். மார்கழியில் அந்த வேகம் இருக்காது. ஆடி மின்சாரத்தில் ஆக்சைடைத் துத்தநாகமாக்கி, ஈரம் படாமல் மூட்டையில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது; மார்கழியில் பேட்டரியில் போட்டு மின்சாரம் எடுக்கலாம். போட்ட மின்சாரத்தில் பாதி திரும்பினாலே பெரிது என்பது உண்மைதான். வாங்க ஆளில்லாமல் காற்றாலையை நிறுத்தி வைக்கும் நாளில் அந்தப் பாதியும் லாபம். துத்தநாகம் ராஜஸ்தானிலேயே கிடைக்கிறது. காரைக்குடியின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரிக்குத் தூத்துக்குடி துறைமுகப் பகுதியில் கடல்சார் மின்வேதியியல் மையமும் உண்டு.

சிக்கல், தீர்ந்த தகட்டிலிருந்து அந்த ஆக்சைடைச் சுரண்டி எடுப்பதில்தான். ஒரு கிலோ துத்தநாகம் தீர்ந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ ஆக்சைடு. அது உலர்ந்த பொடியல்ல. காரத்தில் ஊறிய சேறு. விரலில் பட்டால் முதலில் சோப்புப்போல் வழுவழுக்கும், பிறகுதான் எரியும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு வாருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். நாளைக்கு அதே ஆட்களின் கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துத் தகட்டைச் சுரண்டச் சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்திலும் கதை இதுதான். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, கழுவித்தான் முத்தெடுத்தார்கள். நாற்றம் கரையிலிருந்தவர்களுக்கு, முத்து ஏலத்துக்கு. 1961-க்குப் பிறகு அந்தத் தொழிலே இல்லை. தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதம் 13 பேரைத் துப்பாக்கிச் சூட்டுக்குப் பறிகொடுத்த ஊர் இது. இன்னொரு உலோகத்தின் பெயரைச் சொன்னால் மக்கள் முகம் சுளிப்பதில் வியப்பில்லை. எனக்கும் அதே தயக்கம் உண்டு.

இந்தத் திட்டத்துக்கு மானியம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பேட்டரியைக் காட்டச் சொல்லக் கூடாது. மூடிய பெட்டிக்குள், மனிதக் கை படாமல் தகட்டைச் சுரண்டும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டட்டும். கழுவிய தண்ணீர் உப்பாற்று ஓடைப் பக்கம் போகாமல் எந்தக் குழாயில் திரும்பி வருகிறது என்பதையும் காட்டட்டும்.