தோளைத் தொடாத வைத்தியம்

தோள்பட்டை வலி என்று போனால் இப்போதெல்லாம் முதலில் கையில் கிடைப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் சீட்டுதான். சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை, கையைத் தூக்கச் சொல்வதில்லை. எங்கே வலிக்கிறது என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரிகளை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அந்த ரகம்தான்.

தோளின் கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது இரண்டு கண், இரண்டு கை, பத்து நிமிடம். நாமாகக் கையைத் தூக்க வேண்டும். பிறகு டாக்டர் அதே கையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நாமும் தூக்க முடியவில்லை, டாக்டர் தூக்கினாலும் வரவில்லை, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினாலும் திரும்பவில்லை என்றால், பெரும்பாலும் அது ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்கிற தோள் இறுக்கம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வருவது. வேறு கோளாறு இல்லையென்று பார்க்க ஒரு எக்ஸ்ரே பெரும்பாலும் போதும். நாம் தூக்கினால் வரவில்லை, டாக்டர் தூக்கினால் முழுதும் வருகிறது என்றால், ‘ஜவ்வு’ என்று நாம் சொல்லும் தசைநாண் கிழிந்திருக்கலாம். பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரி வரை மட்டும் வலித்தால், அந்தத் தசைநாணில் உரசலோ புண்ணோ இருக்கலாம். தோள் நன்றாக அசைந்து, கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்கு இறங்கினால், கோளாறு கழுத்தில்.

இது புது வித்தையல்ல. பாரிஸ் நகரத்து அறுவை வைத்தியர் துய்ப்ளே (நம் ஊர் கவர்னர் துய்ப்ளேக்ஸ் வேறு, இவர் வேறு) இறுகிப்போன தோளைப் பற்றி 1872-லேயே எழுதிவிட்டார். ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததே 1895-ல்தான்.

“கைக்குத் தெரியாதது மெஷினுக்குத் தெரியுமே” என்பார்கள். தெரியும், வேண்டாததும் சேர்ந்து தெரியும். நம் வயதில் வலியே இல்லாத பலருடைய தோளிலும் தசைநாண் கிழிசல் இருக்கும். தலை நரைப்பது போலத்தான் அதுவும். தோள் இறுகியவருக்கு ஸ்கேனில் அந்தக் கிழிசல் தெரிந்து, அதற்கு ஆபரேஷன் என்று ஆரம்பித்தால், நஷ்டம் யாருக்கு? ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த பென்ஷன்காரருக்கு.

ஸ்கேனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழுந்து அடிபட்டபின் திடீரென்று கை தூக்க வராமல் போனால் சீக்கிரமே எடுக்க வேண்டும். ஆனால் கை ஒரு சந்தேகத்தைச் சொன்ன பிறகு, அதை உறுதி செய்யத்தான் படம்.

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஸ்கேன் அறிக்கையோடு அதே நோயாளி மறுபடியும் வந்து அதே வரிசையில் நிற்பதற்கு மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது?

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை தளர்வான சட்டை போட்டுக்கொண்டு போங்கள். சீட்டு நீட்டினால் மரியாதையாகக் கேளுங்கள்: “டாக்டர், எதைச் சந்தேகப்பட்டு இந்த ஸ்கேன்? இதைப் பார்த்தபின் வைத்தியம் மாறுமா?” பதில் சொல்ல அவர் உங்கள் தோளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால், அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.