முகம் தந்தார்கள், நிலம் எங்கே?

மெல்பர்ன் நகரின் ஸ்வான்ஸ்டன் தெருவில் முப்பது மாடிக்கும் மேலான குடியிருப்புக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதன் வெள்ளை பால்கனிகள் ஒரு முதியவரின் முகமாகத் தெரியும். அவர் வுருண்ட்ஜெரி பூர்வகுடித் தலைவர் வில்லியம் பராக். ஏஆர்எம் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 2015இல் கட்டி முடிக்கப்பட்டது. என் முனைவர் பட்ட ஆய்வு நில உரிமை பற்றியது. இந்தக் கட்டடத்தின் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் பிடித்திருந்தது. பராக் யார் என்று படித்த பிறகு பிடிக்கவில்லை.

1863இல் தொடங்கிய கொரண்டர்க் குடியேற்றம் 1866இல் 4,850 ஏக்கராக விரிந்தது. பூர்வகுடிகள் அங்கே உழைத்து விளைவித்தார்கள். விளைந்ததும் அதிகாரிகளுக்கு அந்த மண்மீது கண். பராக்கும் தோழர்களும் சுமார் 60 கிலோமீட்டர் நடந்தே மெல்பர்ன் போய் மனு கொடுத்தார்கள். 1881இல் விசாரணை நடந்தது. 1886இல் வந்த சட்டமோ, 35 வயதுக்கு உட்பட்ட 'கலப்பு இரத்த'த்தாரை வெளியேற்றியது. இரத்தத்தை அளந்து மனிதரைப் பிரிக்கும் வேலை நமக்குத் தெரியாததா? உழைக்கும் கைகள் போயின. 1903இல் பராக் இறந்தார். 1924இல் கொரண்டர்க் மூடப்பட்டது. 1990களின் இறுதியில் அவர் சமூகத்துக்குத் திரும்பக் கிடைத்தது சுமார் 200 ஏக்கர். அதுவும் விலைக்கு வாங்கப்பட்டது.

"வுருண்ட்ஜெரி மூத்தவர்களின் சம்மதத்தோடுதானே செய்தார்கள்?" என்பார்கள். அந்தச் சம்மதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கேட்கப்பட்டது முகத்துக்கான சம்மதம். அந்த மனையில் கட்டடமே எழலாமா, வீடுகள் விற்ற பணம் யாருக்கு என்பதெல்லாம் அவர்கள் தீர்மானிக்கும் விஷயமாக இருந்ததா? பராக் தன் கையால் வரைந்த ஓவியத்தையே 2022இல் நியூயார்க் ஏலத்தில், நன்கொடை திரட்டி, அரசு உதவியும் பெற்று அவர் சமூகம் வாங்க வேண்டியிருந்தது.

1994இல் செங்கல்பட்டை அடுத்த காரணையில் நம் மக்களும் ஒரு தலைவரின் உருவத்தை நிறுவினார்கள். பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலை. அந்தப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அந்தச் சிலை நிலத்தைக் கேட்டது. அதனால்தான் அரசால் பொறுக்க முடியவில்லை. மெல்பர்ன் முகம் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பூர்வகுடிக் கலையோடு 'இணைந்து பணியாற்றும்' கட்டடக்கலைஞர்களிடம் இனி நாம் கேட்க வேண்டியது: பத்திரம் யார் பேரில்? வருமானத்தில் பங்கு எவ்வளவு? வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்? பதில் இல்லையென்றால் அது வெறும் சுவர் அலங்காரம்.