புது வீட்டுக்கு இரண்டு இலட்சம். பழைய வீட்டுக்கு முப்பதாயிரமா?

1856 ஜூலை முதல் நாள் தென்னகத்தின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட ராயபுரம் நிலையம் இன்றும் தன் தூண்வரிசையோடு நிற்கிறது. சிதைந்து கிடந்த அதனை 2005-இல் இரயில்வே நிருவாகம் செப்பனிட்டது. பாராட்டுகிறோம். கட்டடம் அரசினுடையது, பணமும் அரசினுடையது. ஆனால் அங்கிருந்து சற்றுத் தெற்கே, மண்ணடித் தெருக்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முற்றத்து வீடுகளை யார் செப்பனிடுவார்?

ராயபுரம் தொடங்கி எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரை இது உப்புக்காற்றின் நாடு. இங்குள்ள பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாய் எழுந்தவை. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை அவற்றின் சிறப்பு. அச்சுவரின் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். உப்புப் பூத்துச் செங்கல் உதிரும். முறையாகச் செய்வதாயின் சுண்ணாம்பை நீற்றி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து அரைக்க வேண்டும். அது அறிந்த கொத்தனார் இன்று அருகிவிட்டார். செலவோ பெரிது. கடன் வாங்காமல் முடியாது.

இங்கேதான் சட்டம் தன் முகத்தைக் காட்டுகிறது. குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் பெற்றவர், பழைய வரிமுறையில், ஆண்டுக்கு 30,000 ரூபாய் வட்டியை மட்டுமே வருமானத்திலிருந்து கழிக்கலாம். அதே வீட்டை இடித்து எழுப்பிய அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கியவரோ 2,00,000 ரூபாய் வரை கழிக்கலாம்! 2014-இல் இந்த உச்சவரம்பு ஒன்றரை இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமானது, முப்பதாயிரம் அசையவில்லை. புதிய வரிமுறையில் குடியிருப்போர்க்கு இரண்டுமே இல்லை என்பர். இருவரையும் வெறுங்கையோடு அனுப்புவதும் ஒரு நீதிதான் போலும்!

வாடகைக்கு விட்ட வீட்டின் கதை இன்னும் விந்தையானது. ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு தானாகவே கழிகிறது. ஓட்டை ஒழுகலை அடைத்தவருக்கும் அதே கழிவு; ஒழுகட்டும் என விட்டவருக்கும் அதே கழிவு.

சொத்துடையவர்க்குச் சலுகை எதற்கு என்று கேட்போர் உளர். வாப்பா மவுத்தானபின் வீடு ஷரீஅத் வகுத்த பங்குகளாகப் பிரிகிறது. பங்காளிகளுள் நால்வர் கட்டுமானக்காரரிடம் விலை பேசுகின்றனர்; ஒருவர் மட்டும் காக்க விரும்புகிறார். அந்த ஒருவர் செல்வந்தர் என்று எவர் சொன்னார்? அந்த நால்வரையும் நாம் முழுதும் குறை கூறோம். கணக்குப் பார்த்தால் அவர்கள் பக்கமே சட்டமும் நிற்கிறதே!

கொள்கையளவில் அரசுக்கு இது புதிதுமன்று. வரலாற்றுச் சிறப்புடையதென அறிவிக்கப்பெற்ற பள்ளிவாசலையோ கோயிலையோ தேவாலயத்தையோ குருத்வாராவையோ செப்பனிட நன்கொடை தருவோர், வரம்புக்கு உட்பட்டு, அதில் பாதியை வருமானத்தில் கழிக்க 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே இடம் தந்தது. தொழும் இடம் காக்கத்தக்கது என்றால், தொழுதவர் வாழ்ந்த இடம் மட்டும் குப்பையா?

அமெரிக்கர் 1976-இல் வரலாற்றுக் கட்டடங்களை இடிக்கும் செலவைக் கணக்கில் கழிக்கும் உரிமையை நிறுத்தினர். 1986 முதல், ஏற்கப்பட்ட முறையில் செப்பனிட்டவர் செலவில் 20 விழுக்காட்டை வரியிலேயே கழித்துக்கொள்கிறார். ஐந்தாண்டுக்குள் விற்றால் உரிய பங்கைத் திருப்பிக் கட்டவேண்டும். அங்கும் அது வருமானம் தரும் கட்டடத்துக்கே. குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு இல்லை. அந்த ஒன்றில் நாம் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை.

நாம் கேட்பது இனாம் அன்று. பட்டியலிட்ட பழைய வீட்டைப் பழுதுபார்க்கும் கடனுக்கும் அந்த இரண்டு இலட்ச வரம்பைக் கொடுங்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசவேண்டும், முகப்பை மாற்றக்கூடாது, ஐந்தாண்டு விற்கக்கூடாது என்று நிபந்தனையும் போடுங்கள். நம் ஜமாஅத்துகளும் தத்தம் தெருவில் எஞ்சிய வீடுகளை இவ்வாண்டே எண்ணி எழுதி, அப்பட்டியலைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரில் கொடுக்கட்டும்.