செஞ்சிக் கல்லும் வீட்டுக் காற்றும்

செஞ்சிக் கோட்டைக்கு 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. தமிழ் மக்கள் மகிழ்ந்தார்கள், நாமும் மகிழ்ந்தோம். இராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் காண வருவோரில் சிலர் தளவானூருக்கும் சென்று, மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அமைத்த சத்துருமல்லேசுவரக் குகைக்கோயிலையும் தரிசித்துத் திரும்புகிறார்கள். கல்லின் பெருமை இவ்வளவு பேசப்படுகிறது. ஆனால் அத்தகைய கல்லிலும் மண்ணிலுமிருந்து இடைவிடாது கசிந்து குடியிருக்கும் வீடுகளுக்குள் புகக்கூடிய ஒரு வாயுவைப் பற்றிப் பொதுமேடைகளில் பேச்சையே காணோம்.

அவ்வாயுவின் பெயர் ரேடான். அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பாறையில் அணுவளவாகக் கலந்திருக்கும் யுரேனியம் காலக்கிரமத்தில் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. முன்னவை இரண்டும் திடப்பொருள்கள். இருந்த இடத்திலேயே இருக்கும். ரேடானோ வாயு. பாறை வெடிப்புகளில் நுழைந்து மேலேறி வருகிறது. வெட்டவெளியில் காற்றோடு கலந்து போய்விடும். தரையின் விரிசல் வழியாகவோ, குழாய் செல்லும் சந்து வழியாகவோ வீட்டுக்குள் வந்துவிட்டால் அங்கேயே தங்கும். நான்கு நாளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அதில் பாதி சிதைந்துபோகும். அவ்வாறு சிதையும்போது பிறக்கும் பொலோனியம் முதலியவை தூசியோடு ஒட்டிக்கொண்டு, மூச்சோடு நுரையீரலில் படிந்து, அங்கிருந்து ஆல்பாக் கதிர்களை வீசுகின்றன. ஜெர்மனியில் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு மார்பு நோயால் மாண்டார்கள். அது புற்றுநோய் என்பது 1879-ல்தான் தெரிந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இது என்று 1988-ல் சர்வதேச நிபுணர்கள் ஐயந்திரிபற முடிவு கட்டினார்கள். உலகில் நுரையீரல் புற்றுநோய் காண்போரில், அந்தந்த நாட்டைப் பொறுத்து, நூற்றுக்கு 3 முதல் 14 பேர் வரை ரேடானால் பீடிக்கப்பட்டவர்கள் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு.

இதைக் கேட்டவுடன் செஞ்சித் தாலுகாவாசிகள் கலங்க வேண்டியதில்லை. கருங்கல் எல்லாம் ஒரே தன்மையுடையதன்று. யுரேனியம் மிகுந்த பாறையும் உண்டு. மிகக் குறைந்த பாறையும் உண்டு. நம் நாட்டில் இதுவரை அளக்கப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை அபாய எல்லைக்கு உள்ளேதான் இருந்திருக்கின்றன. நாம் சொல்வது, பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம், அளந்து பாருங்கள் என்பதே. ஒரு கன மீட்டர் காற்றில் விநாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். வீட்டுக் காற்றில் நூறு பெக்கெரலுக்கு மேற்படாமல் இருப்பது நலம் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் 2009-ல் கூறியது. அது இயலாத நாடுகளிலும் முந்நூறைத் தாண்டலாகாது என்றது. நூறு என்பது சிறிய எண்போலத் தோன்றும். பத்தடி நீள அகல உயரமுள்ள ஓர் அறையில் விநாடிக்கு 2,800 அணுக்கள் சிதைகின்றன என்பது அதன் பொருள்.

ஊரைப் பார்த்து வீட்டின் நிலையை ஊகிக்கவும் முடியாது. 1984-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் தாம் வேலை செய்த அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போதே அபாய மணி அடித்தது. நிலையமோ இன்னும் இயங்கத் தொடங்கவில்லை! அவருடைய வீட்டைச் சோதித்தார்கள். ஒரு லட்சம் பெக்கெரல் அளவுக்கு ரேடான் நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டிலோ சாதாரண அளவே இருந்தது. வீட்டுக்கு வீடு அளப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"பீடியும் அடுப்புப் புகையும் கொல்லும் நாட்டில் ரேடானைப் பற்றி என்ன கவலை?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பீடி குடிப்பவன் நுரையீரலில்தான் ரேடான் அதிக நாசம் விளைவிக்கிறது. புகை பிடிக்காதவனைவிட அவனுக்கு ஏறத்தாழ 25 மடங்கு அபாயம். "நம் வீடுகள் காற்றோட்டமானவை" என்பது மற்றொரு சமாதானம். திண்ணையும் முற்றமும் ஓட்டுக்கூரையும் இருந்த காலத்தில் அது உண்மை. இப்போது கதவு ஜன்னலை இறுக அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்துவதே நாகரிகமாகிவிட்டது. ஆற்று மணல் அரிதாகிப் பாறையைப் பொடித்த எம்-சாண்டைக் கொண்டு சுவர் எழுப்புகிறோம். சுவரைவிடத் தரையின் அடியிலிருந்து வருவதே பொதுவாக அதிகம். எனினும் சுவரையும் கணக்கில் சேர்க்காமல் விடலாகாது.

சென்னைச் சர்க்கார் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டித் தருவதாக 2024-ல் அறிவித்தது. குடிசையில் இருந்த ஏழை 360 சதுர அடியில் கெட்டியான வீடு பெறுவது நல்ல காரியம். அதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் கூரையின் இடுக்கெல்லாம் காற்று புகுந்த குடிசை வேறு. நான்கு சுவருக்குள் அடைந்த அறை வேறு. கல்நாட்டுத் தாலுகாக்களில் கட்டப்படும் இவ்வீடுகளில் நூற்றில் ஐந்தையாவது அளந்து பார்த்தால் என்ன? தரை விரிசலை அடைப்பதும், எதிரெதிரே ஜன்னல் வைப்பதும், வேண்டிய இடத்தில் தரைக்கடியில் குழாய் பதித்து விசிறியால் வாயுவை வெளியேற்றுவதும் கட்டும்போதே செய்தால் சொற்பச் செலவு.

அளக்கும் கருவியைத் தேடி அன்னிய தேசம் போக வேண்டாம். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் கைக்கு அடக்கமான ஒரு கிண்ணத்தை வகுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு அறைகள். நடுவே ஊசித் துளைகள். தோரான் என்ற மற்றொரு வாயு ஒரு நிமிஷத்துக்குள் பாதி அழிந்துபோவதால் துளையைக் கடந்து இரண்டாம் அறைக்கு அநேகமாகப் போய்ச் சேராது. ரேடான் போய்ச் சேரும். உள்ளே ஒரு படச்சுருள் துண்டு. மூன்று மாதம் வீட்டில் தொங்கவிட்டு, பிறகு காரத்தில் ஊறவைத்து, ஆல்பாக் கதிர் பட்ட தடங்களை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். மின்சாரமும் தேவையில்லை. பருவத்துக்குப் பருவம் அளவு மாறுமாதலால் ஓராண்டு முழுதும் அளப்பதே முறை. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிபுணர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகளில் பௌதிக மாணவர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கும் பஞ்சமில்லை.

இங்கிலாந்தில் கார்ன்வாலும் டெவனும் செஞ்சியைப் போலவே கருங்கல் பூமிகள். அங்கே வீட்டுக்காரர் கேட்டால் கருவி தபாலில் வருகிறது. இருநூறு பெக்கெரலைத் தாண்டினால் பரிகாரம் செய்ய வேண்டும் என்று 1990-லேயே யோசனை கூறினார்கள். விழுப்புரம் ஜில்லா நிர்வாகம் தளவானூரைப் போன்ற பத்துக் கிராமங்களில் தொடங்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் விதிக்கிறோம். எந்த வீட்டில் கருவி தொங்கியதோ அந்த வீட்டுக்காரருக்கு, தமிழில், எண்ணும் அதன் பொருளும் முதலில் தெரிவிக்கப்பட வேண்டும். ஆராய்ச்சிச் சஞ்சிகையில் இங்கிலீஷில் அச்சேறுவது அதற்குப் பிறகு நடக்கட்டும்.