நேர் மாறல்தானா?



கணக்கு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்குக்கூட நேர் மாறல் என்றால் மகிழ்ச்சிதான். 3 மீட்டர் துணி 240 ரூபாய் என்றால் 7 மீட்டர் என்ன விலை? 240ஐ 3ஆல் வகுத்தால் 80. அதுவே மாறிலி. அதை 7ஆல் பெருக்கினால் 560 ரூபாய். இரண்டே வரியில் விடை, முழு மதிப்பெண்! என் தாத்தா திருத்தும்வரை நானும் இவ்வளவுதான் என்றே எண்ணியிருந்தேன்.

தாமிரபரணிப் பாசனத்தில் எங்களுக்குச் சிறிது வயல் உண்டு. பிசான நடவு நெருங்கிவிட்டால், நாளிதழில் தாத்தா முதலில் தேடுவது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத்தான். அதன் முழு அளவு 143 அடி. ஒருநாள் 72 அடி என்றிருந்தது. "பாதித் தண்ணீர் வந்துவிட்டது தாத்தா, நாற்றுப் பாவலாமே!" என்றேன் பெருமையாக.

தாத்தா சிரித்தார். "ஏட்டி, அணை என்ன மரக்காலா, மேலயும் கீழயும் ஒண்ணுபோல இருக்க? மலைக்கு நடுவுல கட்டுனது. அடியில ஒடுங்கிக் கெடக்கும்" என்றார்.

உண்மைதானே! காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அரிசி நிரப்பிப் பாருங்கள். பாதி உயரத்தில் இருப்பது பாதி அரிசியன்று. எட்டில் ஒரு பங்குதான். அணை சரியான கூம்பு அல்ல என்றாலும், பாதி மட்டத்தில் பாதிக்கும் குறைவாகவே நீர் இருக்கும். என் கணக்கை நம்பி நட்டிருந்தால், பயிர் பொதி கட்டும் வேளையில் வாய்க்கால் வறண்டிருக்கலாம்.

நான் வகுத்ததிலும் பெருக்கியதிலும் பிழையில்லை. "இவை நேர் மாறலில்தான் உள்ளனவா?" என்று கேளாததே பிழை. ஒன்று இருமடங்கானால் மற்றதும் இருமடங்காக வேண்டும். ஒன்றை மற்றதால் வகுத்தால் எப்போதும் அதே ஈவு வரவேண்டும். அப்போதுதான் மாறிலி என்று ஒன்று உண்டு.

பாடநூலில் பயிற்சியின் தலைப்பே 'நேர் மாறல்' என்று சொல்லிவிடுவதால் நாம் இதைக் கேட்பதேயில்லை. எனவே அன்புள்ள ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பத்துக் கணக்குகளில் இரண்டாவது நேர் மாறல் அல்லாதனவாகக் கலந்து தாருங்கள். எங்களுக்குச் சில மதிப்பெண்கள் குறையலாம். ஆனால் வாழ்க்கை தரும் கணக்குகளுக்குத் தலைப்பு இருப்பதில்லையே!