கம்பெனி போடுவதற்கு முன்

"சேர், கம்பெனியொன்டு போட்டா டெக்ஸ் கொறயுமாமே?"

நாவுல டவுனிலும் எலஹெர பாதையிலும் கடை வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர், ஹாட்வெயார் கடைக்காரர், தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர் என்று எல்லோருக்கும் யாரோ ஒருவர் இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறார். கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரியைக் குறைப்பதற்காகக் கம்பெனி போடாதீர்கள்.

அந்த யோசனை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2022 செப்டெம்பர் வரை சிறிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கு வருமான வரி 14 சதவீதம். நாடே எரிபொருள் வரிசையில் நின்ற அந்த வருடம், ஒக்டோபர் 1 முதல் அந்தச் சலுகை எடுக்கப்பட்டு, 30 சதவீதம் என்றாகிவிட்டது. கம்பெனிக்கு வரிவிலக்கு வரம்பு என்று ஒன்று கிடையாது. முதல் ரூபாய் இலாபத்திலேயே 30 சதம் போய்விடும். சட்டம் மாறிய பிறகும் பழைய யோசனை மட்டும் கடைக்குக் கடை போய்க்கொண்டிருக்கிறது.

தனி ஆள் நடத்தும் வியாபாரத்துக்கு வழி வேறு. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து நடத்தும் கடையின் இலாபம் சட்டத்தின் கண்ணில் கடைக்காரரின் சொந்த வருமானம். 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய வரி ஆண்டில் ஒருவருக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், பிறகு 5 இலட்சம் 5 இலட்சமாக 18, 24, 30, மீதி எல்லாவற்றுக்கும் 36.

வருடம் 36 இலட்சம் இலாபம் பார்க்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். மாதம் 3 இலட்சம். தனி வியாபாரமாக இருந்தால் வரி 2 இலட்சத்து 22 ஆயிரம். அதே கடையைக் கம்பெனியாக்கினால் முதலில் 10 இலட்சத்து 80 ஆயிரம் கம்பெனி வரி. மிஞ்சும் 25 இலட்சத்து 20 ஆயிரத்தை முதலாளி பங்கிலாபமாக வீட்டுக்கு எடுத்தால், அதிலும் 15 சதவீதம் பிடிப்பார்கள். அது 3 இலட்சத்து 78 ஆயிரம். மொத்தம் 14 இலட்சத்து 58 ஆயிரம். கடையும் முதலாளியும் வாடிக்கையாளரும் மாறவில்லை. பலகையில் 'பிரைவேட் லிமிடெட்' என்று எழுதியதற்கு 12 இலட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகிறது.

விஷயம் தெரிந்த கணக்காளர் இங்கே ஒரு வழி காட்டுவார். முதலாளி கம்பெனியிலிருந்து பணிப்பாளர் சம்பளம் எடுக்கலாம். சம்பளம் கம்பெனிக்குச் செலவு. எனவே அந்தத் தொகைக்கு 30 சதவீதம் இல்லை, முதலாளியின் கையில் மேலே சொன்ன தனிநபர் வீதங்கள்தான். சட்டப்படி முற்றிலும் சரி. ஆனால் முழு இலாபத்தையும் அப்படி எடுத்தால் வரி மீண்டும் அதே 2 இலட்சத்து 22 ஆயிரத்தில் வந்து நிற்கும். அதன் மேல் கம்பெனிச் செயலாளர் கட்டணம், கணக்காய்வாளர் கட்டணம், வருடாந்த அறிக்கை, சம்பளம் என்று போட்டதற்காகச் சேமலாப நிதிப் பேச்சு. சுற்றி வளைத்துப் புறப்பட்ட இடத்துக்கே வர இவ்வளவு செலவு.

இலாபத்தை வெளியே எடுக்காமல் வியாபாரத்திலேயே போட்டுப் பெருக்குகிறவருக்கு எந்தக் கட்டத்தில் கம்பெனி இலாபம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருட இலாபம் 1 கோடி 88 இலட்சத்தைத் தாண்டும்போதுதான் 30 சதவீதம் தனிநபர் வரியைவிடக் குறைகிறது. பங்கிலாபத்தையும் எடுக்கிறவருக்கு அந்தக் கட்டம் வரவே வராது. நான் கணக்குப் பார்க்கும் நாவுலக் கடைகளில் அந்த இலாபம் பார்க்கிற கடை ஒன்றும் இல்லை.

எனக்கு மிகவும் ஆதங்கமான இடம் பங்குடைமை. மிளகுக் கடைகளுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். படங்கு விரித்து மிளகைக் காயவைப்பதும், பதர் நீக்கித் திரண்ட மணியைத் தனியாக்குவதும், மாலையில் நிறுத்துக் கட்டுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். சீ.ஆர். கொப்பியில் கணக்கு எழுதுவதும் பல கடைகளில் மனைவிதான். பதிவுப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை. இந்தப் பெண்களைப் பங்காளியாகச் சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயம். வரியும் அதைத் தடுக்கவில்லை. பங்குடைமை தன் பெயரில் ஒரு சிறு வரியை முதலில் கட்டவேண்டியிருக்கலாம். அதைப் பங்காளிகள் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். இலாபம் பிரிந்ததும் இருவருக்கும் தனித்தனியே 18 இலட்சம் விலக்கு உண்டு. உழைக்காத ஒருவர் பெயரைக் காகிதத்தில் மட்டும் போடுவது வேறு விஷயம். அதை நான் எழுதிக் கொடுக்கமாட்டேன்.

பங்குடைமையை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மூலதனம் 1000 ரூபாயைத் தாண்டினால் எழுத்தில் இருக்கவேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்றைய விலைவாசியில் ஒரு மூட்டை மிளகு வாங்கும்போதே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறோம். அண்ணன் தம்பி என்று நம்பி எழுதாமல் விட்ட பங்குகள், ஒருவர் கண்ணை மூடியதும் வழக்காகின்றன. பங்காளி ஒருவர் இறந்தால், வேறு விதமாக எழுதி வைத்திருந்தாலொழிய, பங்குடைமை கலைந்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

அப்படியானால் கம்பெனி யாருக்கு? கடன் பயம் உள்ளவருக்கு. தனி வியாபாரமும் பங்குடைமையும் கடனில் விழுந்தால் வீடும் வளவும் சேர்ந்து போகும். கம்பெனி என்றால் போட்ட முதலோடு நிற்கும். அதிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. கம்பெனி பெயரில் கடன் கேட்டுப் போனால் பணிப்பாளரின் சொந்தப் பிணையில் கையெழுத்து வாங்காமல் வங்கி பெரும்பாலும் கொடுப்பதில்லை. வெளி ஆளின் முதலைச் சேர்க்க நினைப்பவருக்கும், தமக்குப் பிறகு பிள்ளைகள் தொடரவேண்டும் என்பவருக்கும் கம்பெனி பொருத்தம். இவை நல்ல காரணங்கள். இவற்றுக்காகக் கூடுதல் வரி கட்டினாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் கம்பெனி போடுவதானால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளவேண்டும். இன்று மேசை லாச்சியிலிருந்து மகளின் டியூஷன் காசும், லொறி லீசிங்கும், மிளகுக்காரருக்குக் கொடுப்பதும் ஒரே கையால் போகின்றன. கம்பெனியான மறுநாளே அந்த லாச்சி உங்களுடையதல்ல. எடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் சம்பளமா, பங்கிலாபமா, கடனா என்று இறைவரித் திணைக்களம் கேட்கும்.

கம்பெனிப் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்கு முன் உங்கள் கணக்காளரிடம் கொப்பியோடு போங்கள். போன வருட இலாபத்துக்குத் தனி வியாபாரமானால் எவ்வளவு, பங்குடைமையானால் எவ்வளவு, கம்பெனியானால் எவ்வளவு வரி என்று மூன்றையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் கம்பெனி போடும் வேலையைக் கொடுக்காதீர்கள்.